பை ஈரத்துக்கு, வாளி எலிக்கு

திருகோணமலை உவர்மலையில், ஓர்ஸ் ஹில் என்றால் எல்லோருக்கும் விளங்கும், வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. உலர் உணவைப் பெரிய மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு மிச்சம் பிடிக்கலாம். அதைக் கொட்டி வைக்கச் சில்லு பூட்டிய பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கடையில் பார்த்தும் வைத்திருக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. பெட்டியும் வேண்டாம், பெரிய மூட்டையும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டவே வேண்டாம்.

நாய் உணவு உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் அது ஏன் கெடுகிறது என்பதும் விளங்கும். தானியமும் இறைச்சித் தூளும் கலந்த மாவைப் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி, வெட்டி, உலர்த்துகிறார்கள். அதில் மிஞ்சும் ஈரம் நூற்றுக்குப் பத்து அளவில்தான். கடைசியில் மேலே கொழுப்பைத் தெளிக்கிறார்கள். நாய் ஓடி வருவது அந்தக் கொழுப்பின் மணத்துக்குத்தான். உணவில் முதலில் கெடுவதும் அந்தக் கொழுப்புத்தான். காற்றுப் பட்டால் அது பாண்டலடையும். சூடு கூடக் கூட வேகமாகப் பாண்டலடையும். பாண்டலடையும் கொழுப்பு உணவில் உள்ள விற்றமின் ஈயையும் சேர்த்தே அழித்துவிடும். நாய் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் தின்றுவிடும். பூனை அப்படியல்ல, மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். நேற்றுவரை விரும்பித் தின்ற பூனை இன்று தட்டைத் திரும்பிப் பாராவிட்டால், அதற்குச் செல்லம் கூடிவிட்டது என்று முடிவு கட்டுமுன் பைக்குள் மூக்கை நுழைத்துப் பாருங்கள்.

உலர் உணவை 80 பாகை பரனைற்றுக்கு, அதாவது ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நல்ல அறிவுரைதான், ஆனால் திருகோணமலைக்கு எழுதப்பட்டதல்ல. கச்சான் வீசும் வைகாசி தொட்டு ஆவணி வரையான மாதங்களில் நிழலிலேயே 33, 34 பாகை இருக்கும். அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட குசினியின் பின்னேரச் சூட்டைச் சொல்லவே வேண்டாம். குளிரூட்டிய அறையில் நாய்ச் சாப்பாட்டை வைக்கிற வசதி எத்தனை வீட்டில் உண்டு? ஆகவே வெப்பத்தை நம்மால் குறைக்க முடியாது, நாட்களைத்தான் குறைக்கலாம். குளிர்ந்த நாடுகளில் பையைத் திறந்தபின் ஆறு கிழமை வரை வைக்கலாம் என்பார்கள். இங்கே நான்கு கிழமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கச்சான் காலத்தில் மூன்று. பையில் ‘இயற்கைப் பாதுகாப்பு’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பெரும்பாலும் சேர்ப்பது தொக்கோபெரோல். பிஎச்ஏ, பிஎச்டி போன்ற செயற்கைப் பொருட்கள் அளவுக்கு அது நாள்பட நின்று பிடிக்காது.

இனிக் கணக்குக்கு வருவோம். பதினைந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 220 தொடக்கம் 250 கிராம் வரை தேவைப்படும். மாதத்துக்கு ஏழு கிலோ. நாலு கிலோப் பூனை ஒன்று 50, 60 கிராம் தின்னும். இரண்டுக்கும் மாதத்தில் மூன்றரைக் கிலோ. பையில் அச்சிட்ட அட்டவணை கொஞ்சம் கூடவோ குறையவோ சொல்லலாம், அதைப் பின்பற்றுங்கள். எப்படிப் பார்த்தாலும் பத்துக் கிலோ மூட்டை உங்கள் நாய்க்கு ஆறு கிழமை வரும். கடைசி இரண்டு கிழமையும் அது தின்பது பாண்டல் கொழுப்பாகத்தான் இருக்கும். மூன்று கிலோப் பைகளாக வாங்கினால் ஒவ்வொன்றும் இரண்டு கிழமைக்குள் முடிந்துவிடும். கிலோவுக்குச் சில ரூபாய் கூடத்தான், ஆனால் கடைசிக் கால் மூட்டையை எறிவதோடு ஒப்பிட்டால் அது நட்டமல்ல. ஒரே வீட்டில் மூன்று நாய் வைத்திருப்பவர் பெரிய மூட்டையைத் தாராளமாக வாங்கலாம்.

அளவு பார்க்கும்போது பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. வாளிகளை லீற்றர்க் கணக்கில் விற்பார்கள், அல்லது ‘பத்துக் கிலோ அரிசி கொள்ளும்’ என்பார்கள். அரிசி இறுக்கமாகப் படியும். நாய் உணவோ உள்ளே காற்றோடு பொருமியது. பத்துக் கிலோ அரிசி கொள்ளும் வாளியில் நாய் உணவு ஐந்து கிலோதான் கொள்ளும். ஒரு கிலோவுக்கு இரண்டரை லீற்றர் என்று வைத்துக்கொண்டு, பையோடு வைப்பதற்காக அதில் பாதியைக் கூட்டுங்கள். மூன்று கிலோப் பைக்குப் பன்னிரண்டு தொடக்கம் பதினைந்து லீற்றர் வரை வரும். பூனைகளின் ஒன்றரைக் கிலோப் பைக்கு ஆறு, ஏழு லீற்றர் போதும்.

‘பையோடு’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நல்ல நிறுவனப் பைகள் சாதாரணப் பொலித்தீன் அல்ல. ஈரமும் காற்றும் கொழுப்பும் கடக்காதபடி பல படைகளாக ஒட்டியவை. அந்த உணவுக்கென்றே செய்த உறை அது. அதை வெட்டிக் கொட்டிவிட்டு, மூடி இறுகாத பெட்டியை நம்புவது கையில் இருந்ததை விட்டதாகத்தான் முடியும். பையின் வாயை நேராக வெட்டி, உள்ளிருக்கும் காற்றை அமர்த்தி வெளியேற்றி, மூன்று நாலு மடிப்பாகச் சுருட்டி, உடுப்புக் கொழுவும் கிளிப் இரண்டைப் போடுங்கள். பிறகு பையை அப்படியே வாளிக்குள் இறக்கி மூடுங்கள்.

பையை வைத்திருக்க வேறொரு காரணமும் உண்டு, பலருக்கு அது தெரியாது. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் மெலமைன் கலந்த உணவால் நாய் பூனைகளின் சிறுநீரகம் பழுதானபோதும், 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய் உணவில் அஃப்லாடொக்சின் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டபோதும், எந்தப் பை ஆபத்தானது என்பதைப் பையில் அடித்த தொகுதி இலக்கத்தையும் திகதியையும் வைத்துத்தான் சொன்னார்கள். உணவைக் கொட்டிவிட்டுப் பையை எறிந்தவருக்குத் தன் வீட்டில் இருப்பது எது என்றே தெரிய வழியில்லை. பையை எறிந்துதான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை வெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அஃப்லாடொக்சின் என்ற பெயர் இலங்கையில் புதிதல்ல. 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அது இருந்ததென்று நாடே அமளிப்பட்டது நினைவிருக்கும். அஸ்பர்ஜிலஸ் வகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது. ஈரலைத் தாக்கும், மனிதரைவிட நாய் அதற்கு எளிதில் பலியாகும். அவித்தாலும் வறுத்தாலும் போகாது. அமெரிக்காவில் நாய்கள் செத்தது ஆலையில் சேர்ந்த நஞ்சால், வீட்டில் வைத்த முறையால் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் நனைந்த உணவிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ‘மேலே மட்டும்தான் பூத்திருக்கிறது, அதை அள்ளிவிட்டு மிச்சத்தைப் போடுவோம்’ என்ற சிக்கனம் இந்த விஷயத்தில் கூடாது. நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. முழுவதையும் எறியுங்கள், காகமும் தெருநாயும் எடுக்காதபடி கட்டி எறியுங்கள்.

வாடைக் காலத்துப் பிரச்சினை ஈரம். ஐப்பசி பிற்பகுதியில் தொடங்கி மார்கழி, தை வரை கடலிலிருந்து ஏறி வரும் காற்றில் உப்பு ரின்னுக்குள்ளேயே கசியும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நிற்கும்போது, திறந்து கிடக்கும் உலர் உணவு பூஞ்சணம் வளர்வதற்குப் போதுமான அளவுவரை நீரை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். எழுபதுக்குக் கீழே நிற்கும் காற்றில் பெரும்பாலான பூஞ்சணத்துக்கு வளர்ச்சி இல்லை.

இந்த இடத்தில் ஒரு வீண் பயத்தைத் தீர்த்து வைக்கலாம். ‘அடிக்கடி திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும்’ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது லீற்றர் கொள்ளும் வாளி நிறைய மழைக்காலக் காற்று புகுந்தாலும் அதில் உள்ள நீர் ஒரு கிராமுக்கும் குறைவுதான். நாளுக்கு இரண்டு தரம் திறப்பதால் உணவு நனைந்துவிடாது. நனைப்பவை வேறு இரண்டு. ஒன்று, சரியாக இறுகாத மூடி. அது இரவு பகலாக ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். மற்றது, கழுவிவிட்டுத் துடைக்காமல் உள்ளே போடும் கோப்பை. அதில் ஒட்டி வரும் இரண்டு மூன்று கிராம் தண்ணீர் பல தரம் திறப்பதைவிடக் கூட, அதுவும் ஒரே இடத்தில் இறங்கும். அள்ளும் கோப்பையை வாளிக்கு வெளியே ஒரு ஆணியில் கொழுவி வையுங்கள். நாயின் தட்டில் மிஞ்சியதை மறுபடி பைக்குள் கொட்டாதீர்கள். நாயின் எச்சில் பட்டு நனைந்தது அது.

மூடி இறுகுமா என்று எப்படிப் பார்ப்பது? கடையில் வைத்தே ஒரு கடதாசித் துண்டை மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் வளையம் சும்மா பெயருக்குத்தான். நாலு பக்கமும் பாருங்கள். சதுரப் பெட்டிகள் பெரும்பாலும் மூலையில்தான் தோற்கும். ஆகவே வட்ட வாயே நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் இன்னொரு சோதனை: மழை நாளில் பொரித்த அப்பளம் ஒன்றை வெறும் வாளிக்குள் வைத்து மூடிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து நொறுங்கினால் வாளி நல்லது. வளைந்தால் அது பையில்லாமல் வைக்கும் சாப்பாட்டுக்கு உதவாது, உடுப்பு ஊற வைக்கலாம்.

எதால் செய்த வாளி என்பதற்கு உவர்மலையில் மூன்று வகையான பதில் உண்டு, மூன்றிலும் குறை இருக்கிறது.

கடையில் மலிவாகக் கிடைப்பது பிளாஸ்ரிக். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற இலக்கமும், மதுக்கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த குறியும் இருந்தால் உணவுக்கு ஆகும். பெயின்ற் வாளி, இரசாயனம் வந்த நீலப் பரல், டீசல் கான் எவற்றையும் எத்தனை தரம் கழுவினாலும் உணவுக்கு எடுக்க வேண்டாம். பிளாஸ்ரிக்கின் பெரிய குறை, அது கொழுப்பை உறிஞ்சி வைத்துக்கொள்வது. உள்ளே நேரடியாகக் கொட்டி வந்த பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய வைத்து, மணந்து பாருங்கள். அந்தப் பாண்டல் மணம் போகாது. புது உணவு அந்தப் பழைய கொழுப்போடு உரசிக்கொண்டே இருக்கும். பையோடு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது குறை எலி. பிளாஸ்ரிக்கை அது ஒரே இரவில் கறம்பிவிடும்.

எலிக்கு மருந்து உலோகம்தான். கீழே தெரிகிற துறைமுகத்துக்கு வந்த பழைய கப்பல்கள் பலவற்றில் கட்டைபோல் இறுகிய கப்பல் பிஸ்கற் இருந்தது. வண்டும் எலியும் அதனோடு கூடவே பயணம் செய்தன. 1860 அளவில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் நாய்கள் அந்தப் பிஸ்கற்றைப் பொறுக்கித் தின்பதைப் பார்த்துத்தான் நாய்ப் பிஸ்கற் செய்யும் யோசனைக்கு வந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், பிஸ்கற்றும் தகர ரின்னும் அதற்கும் முன்பிருந்தே சேர்ந்து வந்தவை. நம் வீடுகளில் மாவும் பலகாரமும் வைத்த பெரிய சதுரப் பிஸ்கற் ரின் இன்றும் எங்காவது பரணில் கிடக்கும். பூனைகளின் சிறு பைக்கு அது அருமையான இடம். ஆனால் கடற்காற்று தகரத்தை விட்டு வைக்காது. நாக முலாம் பூசிய வாளியும் பொருத்துவாயில் இருந்து கறள் பிடிக்கத் தொடங்கும். தரையில் இருந்து இரண்டு அங்குலம் உயரப் பலகையில் வைத்து, மாதம் ஒரு தரம் அடியைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மூன்று மாரியைத் தாங்கும்.

எவர்சில்வர் அரிசி டிரம் கறளுக்கும் எலிக்கும் அசையாது. என் தேர்வு அதுதான். அதன் மூடியில் ரப்பர் இல்லை என்பதால் ஈரத்தை மறிக்காது. அந்த வேலையைச் சுருட்டிக் கிளிப் போட்ட பை பார்த்துக்கொள்ளும். டிரம்முக்கு உள்ள ஒரே வேலை எலியையும் பூச்சியையும் வெளியே நிறுத்துவது. கண்ணாடிப் போத்தல் பூனைகளின் நாளாந்தப் பங்குக்கு நல்லது, வெயில் படாத தட்டில் வைத்தால்.

எலியை நான் பெரிதுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். மாரி காலம் எலிக்காய்ச்சல் காலமும்தான். எலியின் சிறுநீரில் வரும் கிருமி அது. நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, போட்டுவிடுங்கள். தின்ன எதுவும் கிடைக்காத குசினிக்கு எலி வருவது குறைவு, ஆகவே இரவில் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்துவிட வேண்டும்.

எறும்புக்கு நம் பழைய வழி போதும்: வாளியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவது. ஆனால் டெங்கு நுளம்புக்கும் அதே தட்டு போதும். சவர்க்காரத் தண்ணீராக விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வண்டுக்காக அரிசிக்குள் செத்தல் மிளகாயும் வேப்பிலையும் போடுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பச்சை வேப்பிலை ஈரத்தைத்தான் கொண்டுவரும், மிளகாய் நாயின் மூக்கை எரிக்கும். நப்தலீன் உருண்டை பூனைக்கு நஞ்சு, அது கிட்டவும் வரக்கூடாது. பைகளுக்குள் வரும் சிறு பொட்டலங்களையும் எடுத்து எறிந்துவிடுங்கள். இரும்புத் தூள் உள்ள ஒட்சிசன் உறிஞ்சியை நாய் விழுங்கினால் வைத்தியரிடம் ஓட வேண்டி வரும்.

சில்லறையாக, மூட்டையில் இருந்து கிலோக் கணக்கில் நிறுத்து ஷொப்பிங் பையில் கட்டித் தருவதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 2022இல் விலை ஏறியபோது வேறு வழியும் இருக்கவில்லை, குறை சொல்ல மாட்டேன். அப்படி வாங்கும்போது கடைக்காரரிடம் மூட்டை எப்போது திறந்தது என்று கேளுங்கள். திகதி உள்ள பக்கத்தைப் படம் எடுங்கள். ஒரு பிடி அள்ளி மணந்து பாருங்கள். இரண்டு கிழமைக்குக் கூடுதலாக வாங்க வேண்டாம். இதற்குப் பையின் பாதுகாப்பு இல்லாததால் ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான மூடி கட்டாயம் வேண்டும். வண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் கட்டிய பையோடு ஒரு கிழமை உறைபெட்டியில் வைத்து எடுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் தினமும் எடுக்கும் உலர் உணவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பது.

ரின்னில் வரும் ஈர உணவு வேறு சங்கதி. திறந்தால் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும். நம் வெயிலில் தட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததை எடுத்து எறியலாம். சோறும் அவித்த சூடை மீனும் போடுகிற வீடுகளுக்கும் அதே கணக்குத்தான்.

ஒரு பை முடிந்து அடுத்த பை வைக்குமுன் வாளியைக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போதும். பினாயில் வகைகள் பூனையின் ஈரலுக்கு ஆகாது. வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காய விடுங்கள். மழை நாளென்றால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு இரவு வைத்து, மறுநாள் பையை இறக்கலாம். பாதி காய்ந்த வாளியை மூடுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். பழைய பையின் அடியில் மிஞ்சிய தூளைப் புதிய பைக்குள் தட்டிக் கொட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. மிகப் பழைய கொழுப்பும் வண்டின் முட்டையும் அந்தத் தூளில்தான் இருக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி இந்தக் கரையில்தான் ஏறியது. ஒரு கிழமைக்கான உணவைத் திருகு மூடிப் போத்தலில் தனியாக நிரப்பி, மாதம் ஒரு தரம் தின்னக் கொடுத்துப் புதிதாக நிரப்பி வந்தால், வீட்டை விட்டு வெளிக்கிட நேர்ந்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஆக, உங்கள் வீட்டுக்குப் பதினைந்து லீற்றர் எவர்சில்வர் டிரம் ஒன்று நாய்க்கு, பழைய பிஸ்கற் ரின் ஒன்று பூனைகளுக்கு, கிளிப் நாலு. மேற்குச் சுவரை ஒட்டாமல், அடுப்புக்குத் தள்ளி, பலகை மேல் வையுங்கள். எல்லாம் செய்தும் நாயோ பூனையோ தொடர்ந்து சாப்பிட மறுத்தால், சத்தியெடுத்தால், சோர்ந்து படுத்தால், கண்ணோ முரசோ மஞ்சளாகத் தெரிந்தால், அன்றைக்கே உணவை நிறுத்திக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். போகும்போது மிஞ்சிய உணவையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள்.